பழைய எலெக்ட்ரிக் ட்ரெக்டரைத் திருத்தப் போறீங்களா? மோட்டரைக் கழட்ட முதல் இதைப் படிங்க

ஸ்டோர்ஸ்ல ட்ரொலி இழுக்குறதுக்குன்னு பழைய எலெக்ட்ரிக் டோ ட்ரெக்டர் ஒண்ணை மலிவா எடுத்திருப்பீங்க, கொஞ்ச நாள் ஓடியிருக்கும், இப்ப பாரம் ஏத்தினா முக்கி முக்கி நிக்குது, இல்லன்னா அசையவே மாட்டேங்குது. பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர் வந்து எட்டிப் பாத்துட்டு "மோட்டர் போச்சு, வைண்டிங் அடிக்கணும்"னு சொல்லிட்டுப் போயிருப்பார். இந்த நிலைமையில நிக்கிறவங்களுக்குத்தான் இது.

எங்க ஸ்டோர்ஸ் கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம். 48 வோல்ட் மெஷின். மோட்டர் போச்சுன்னு சொல்லாத ஆள் இல்ல, வைண்டிங் கடையில ஒருத்தர் மெஷினைப் பாக்காமலே போன்ல விலை சொன்னார். கடைசியில பாத்தா மோட்டர்ல தேஞ்ச பிரஷ்ஷும் (சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்குற கார்பன் துண்டு) ஒரு பெயரிங்கும் தவிர பெரிசா ஒண்ணும் இல்ல, பவர் முழுக்க கேபிள் லக்லயும் (கேபிள் முனையில நசுக்கிப் பூட்டுற செம்பு வளையம்) கொன்டாக்டர்லயும் (பெரிய கரண்டை ஓன் ஓஃப் பண்ற சுவிட்ச்) சூடாப் போய்க்கிட்டு இருந்திச்சு. அதனால நான் சொல்லப் போற வரிசையில மோட்டர் கடைசியாத்தான் வரும்.

24, 36, 48 வோல்ட் எதுவா இருந்தாலும், பிரஷ் வெச்ச டிசி மோட்டர்னா முறை ஒண்ணுதான். 1970கள்ல அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் செஞ்ச எலெக்-ட்ராக் தோட்ட ட்ரெக்டரும் ஆறு 6 வோல்ட் பெட்டரி, 36 வோல்ட், கொன்டாக்டர், ரெசிஸ்டர்னு இதே சாதிதான். அதோட சர்விஸ் மெனுவல் நெட்ல தேடினா கிடைக்கும், உங்க மெஷினுக்கு மெனுவல் இல்லன்னா கொன்டாக்டர் எப்படி வேலை செய்யுதுன்னு விளங்கிக்கிறதுக்கு அதைப் படிக்கலாம்.

1. காசு குடுக்க முதல் பேப்பர்

இன்னும் வாங்கலன்னா இது உங்களுக்கு. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னாலும் பேப்பர் இருக்கான்னு தேடிப் பாருங்க.

இந்த மெஷின்கள்ல நிறைய கட்டுநாயக்க, பியகம வலயங்கள்ல இருக்கிற ஃபெக்டரிகள்ல இருந்து வெளிய வருது. பிஓஐ (முதலீட்டுச் சபை) கம்பெனி டியூட்டி இல்லாம இறக்கின மெஷினை அவங்க நினைச்ச மாதிரி வெளிய வித்துட ஏலாது, சுங்க அனுமதி வேணும், கட்ட வேண்டிய வரியைக் கட்டணும். அதனால விக்கிறவர்கிட்ட "இது எங்க இருந்து வந்த மெஷின், வெளிய எடுத்த கடிதம் இருக்கா"ன்னு கேளுங்க. இல்லன்னு இழுத்தார்னா விலை எவ்வளவு கொறஞ்சிருந்தாலும் விட்டுட்டு வாங்க.

பில்லுல மெஷினோட சீரியல் நம்பர் கட்டாயம் எழுத வைங்க. "பாவிச்ச மெஷின் 1"னு மொட்டையா எழுதின பில் ஒண்ணுக்கும் உதவாது. லொறியில ஏத்திக் கொண்டு வரும்போது அந்த பில்லும் கேட் பாஸும் டிரைவர் கையில இருக்கணும், வழியில பொலிஸ் நிப்பாட்டினா செம்புக் கேபிள் தொங்குற பழைய மெஷினுக்கு ரெண்டு கேள்வி கூடக் கேப்பாங்க. தெருவுல ஓட்டிக் கொண்டு வரலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, இது வளவுக்குள்ள ஓடுற சாமான்.

2. ஃபோட்டோ, லேபல், நம்பர்

ஸ்பெனர் எடுக்க முதல் போனை எடுங்க. மோட்டர் மேல ஒரு தகடு இருக்கும், கிறீஸ் பிடிச்சு எழுத்து தெரியாது, மண்ணெண்ணை துணியால துடைச்சா தெரியும். அதுல வோல்ட், அம்பியர், கிலோவாட், எத்தனை நிமிஷ ரேட்டிங், இன்சுலேஷன் கிளாஸ் எல்லாம் இருக்கும். கிளாஸ் பி 130 டிகிரி, எஃப் 155, எச் 180. இந்த எழுத்து பிறகு வைண்டிங் கடையில தேவைப்படும், எழுதி வைங்க.

பிறகு ஒவ்வொரு வயர் முனைக்கும் லேபல் ஒட்டுங்க, ரெண்டு முனைக்கும். மாஸ்கிங் டேப் எண்ணெயில கழண்டு விழுந்துடும், வயரைச் சுத்தி ஒட்டி மேல தெளிவான டேப் போடுங்க. மோட்டர்ல நாலு தடிச்ச போல்ட் வெளிய நிக்கும், ஏ1, ஏ2ன்னா ஆர்மேச்சர், அதாவது சுத்துற பாகம், எஸ்1, எஸ்2 இல்ல டி1, டி2ன்னா சீரிஸ் பீல்ட், அதாவது ஆர்மேச்சரோட வரிசையா நிக்கிற அசையாத கொயில். பழைய மெஷின்ல எழுத்து அழிஞ்சிருந்தா நீங்களே பெயின்ட் பேனாவால எழுதிடுங்க. இதை மாத்திப் பூட்டினா முன்னுக்குப் போறதுக்கு பின்னுக்குப் போகும், ஸ்டோர்ஸ்ல ஆள் நிக்கிற இடத்துல அது விளையாட்டு இல்ல.

3. கை வைக்க முதல்

48 வோல்ட்தானே, ஷொக் அடிக்காதேன்னு நினைப்பீங்க. ஷொக் பெரிய பிரச்சினை இல்ல, ஷோர்ட் ஆனாத்தான் பிரச்சினை. இந்த பெட்டரி ஒரு நொடியில ஆயிரக்கணக்கான அம்பியர் தள்ளும், ஸ்பெனர் ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல விழுந்தா வெல்டிங் அடிச்ச மாதிரி உருகும். மோதிரம், கைச்சங்கிலி, வோச் கழட்டி வைங்க. ஸ்பெனர் கைபிடிக்கு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்துல சிகரெட் வேணாம், கிரைண்டர் வேணாம். ஒரு வாளி தண்ணியில அப்பச்சோடா கரைச்சு பக்கத்துல வைங்க, அசிட் சிந்தினா ஊத்துறதுக்கு. கண்ணுல பட்டா மட்டும் சோடா இல்ல, வெறும் தண்ணி, நிறைய தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி.

பெட்டரியை முதல்ல கழட்டுங்க. எலெக்ட்ரொனிக் கொன்ட்ரோலர் இருக்கிற மெஷின்னா உள்ள கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், பெட்டரி கழட்டின பிறகும் நிக்கும். கொன்ட்ரோலரோட பிளஸ் மைனஸ் ரெண்டுக்கும் நடுவுல 48 வோல்ட் தாங்குற மாதிரி பல்ப் ஒண்ணைப் பிடிச்சு அணைஞ்சதும் மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத் தொடுங்க.

இன்னொண்ணு, இது முக்கியம். சீரிஸ் மோட்டரை மெஷின்ல இருந்து கழட்டி மேசையில வெச்சு முழு வோல்டேஜும் குடுத்துப் பாக்காதீங்க. பாரம் இல்லாத சீரிஸ் மோட்டர் வேகத்துக்கு எல்லை இல்ல, ஏறிக்கிட்டே போகும், ஆர்மேச்சர் கம்பி பிய்ச்சுக்கிட்டு வெளிய வரும். டெஸ்ட் பண்ணணும்னா ஒரு 12 வோல்ட் பெட்டரி, சில நொடி, மோட்டரைக் கட்டி வெச்சு. அவ்வளவுதான்.

4. பெட்டரி நல்லதான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பெட்டரி செத்திருந்தா மற்ற எல்லாத்தையும் பாக்குறது வீண், ஏன்னா இந்த மெஷின்ல விலை கூடின சாமானே அதுதான், மோட்டர் இல்ல.

முழுசா சார்ஜ் போட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில அளங்க. ஒரு செல்லுக்கு 2.12 வோல்ட் கிட்ட நிக்கணும், 48 வோல்ட்னா 24 செல், மொத்தம் 51 பக்கத்துல வரும். ஆனா சும்மா நிக்கும்போது வோல்ட் காட்டுறது பெரிய விஷயம் இல்ல, செத்த பெட்டரியும் நல்லபிள்ளை மாதிரி காட்டும். பாரத்தோட ஓட்டிக்கிட்டே ஒவ்வொரு பெட்டரியா அளங்க, செல்லுக்கு 1.75க்கு கீழ இறங்குறது எதுன்னு பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி இறங்கினா பெட்டரிக்கு வயசாச்சு. ஒண்ணு மட்டும் குப்புன்னு விழுந்தா அந்த ஒண்ணுதான் மற்றதையும் இழுக்குது. ஹைட்ரோமீட்டர் (அசிட் அடர்த்தி பாக்குறது) வெச்சு செல் செல்லா அளந்தா இன்னும் தெளிவாத் தெரியும்.

இங்க பொறி ஒண்ணு இருக்கு. பழைய செட்டுல ஒரு புது பெட்டரி மட்டும் போட்டா புதுசும் சீக்கிரமாப் போயிடும். மாத்துறதுன்னா கிட்டத்தட்ட அதே வயசுல பாவிச்சது ஒண்ணு, இல்லன்னா முழு செட். கார் பெட்டரி மலிவுன்னு போடாதீங்க, அது ஸ்டார்ட் அடிக்கிறதுக்கு செஞ்சது, தினமும் ஆழமா இறக்கி ஏத்துறதுக்கு இல்ல. புதுசு வாங்கும்போது பழசைத் திருப்பிக் குடுத்தா விலையில கழிப்பாங்க, ஈயத்துக்கு எப்பவும் விலை இருக்கு, அதை இலவசமாத் தூக்கிட்டுப் போறேன்னு வர்றவரை நம்பாதீங்க.

பெட்டரி மேல்பக்கம் ஈரமா அசிட் படிஞ்சிருந்தா சோடாத் தண்ணியால கழுவுங்க, மூடி இறுக்கமா இருக்கணும், உள்ள போகக்கூடாது. கழுவின பிறகு பெட்டரி பிளஸ்ஸுக்கும் மெஷின் பொடிக்கும் (இரும்பு உடம்புக்கும்) நடுவுல வோல்ட் அளங்க, பிறகு மைனஸுக்கும் பொடிக்கும். கார் மாதிரி இதுல பொடி மைனஸோட சேராது, தனியா நிக்கணும். நிலையா ஒரு வோல்டேஜ் காட்டினா எங்கயோ கசியுது, அசிட் அழுக்கு இல்லன்னா தோல் உரிஞ்ச கேபிள், இல்லன்னா மோட்டருக்குள்ள கார்பன் தூசி.

5. வோல்டேஜ் எங்க தொலையுதுன்னு தேடுறது

இந்த ஒரு வேலையை ஒழுங்காச் செஞ்சா பாதிப் பேருக்கு மீதிக் கட்டுரை தேவைப்படாது.

தேவையான சாமான் ரெண்டு: சாதாரண மல்டிமீட்டர், டிசி அளக்குற கிளாம்ப் மீட்டர். முதலாம் குறுக்குத் தெருவுல கிளாம்ப் மீட்டர் கேட்டா முதல்ல எடுத்துக் குடுக்குறது ஏசி மட்டும் அளக்குறதுதான், மலிவு. அது பெட்டரி கேபிள்ல சைபர் காட்டும். டயல்ல டிசி அம்பியர் அடையாளம் இருக்கான்னு கடையிலயே பாருங்க, பூச்சியமாக்குற பட்டன் ஒண்ணும் இருக்கும்.

சில்லுக்கு கட்டை வெச்சு, பாரம் பூட்டி, ஒருத்தர் பிரேக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டு அக்சிலேட்டரை ஒரு ரெண்டு நொடி மட்டும் அமத்தணும். அதுக்கு மேல வேணாம், சுத்தாம நிக்கிற மோட்டருக்கு கரண்ட் போனா பிரஷ் நிக்கிற இடத்துல கொம்யூட்டேட்டர் (ஆர்மேச்சர்ல பிரஷ் தொடுற செம்பு உருளை) கருகிடும். அந்த ரெண்டு நொடியில நீங்க மீட்டரை ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்க வைக்கணும். அதாவது ஒரு முனை பெட்டரியோட ஈயக் கம்பத்துல, மற்ற முனை அது மேல பூட்டின லக்ல. பிறகு லக்ல இருந்து கேபிளுக்கு. பிறகு கொன்டாக்டரோட உள்பக்கம் வெளிப்பக்கம். பிறகு பியூஸ். இப்படி பிளஸ்ல இருந்து மோட்டர் வரைக்கும், மோட்டர்ல இருந்து மைனஸ் வரைக்கும்.

நல்ல இணைப்புல மில்லிவோல்ட்தான் வரும். 100 அம்பியர் போகும்போது ஒரு லக்ல அரை வோல்ட் காட்டினா 50 வாட் அங்க சூடாப் போகுதுன்னு அர்த்தம், ஒரு சோல்டரிங் அயன் முழு நேரமும் அந்த லக்ல எரியுது. இப்படி ஒரு பத்து இணைப்பு இருந்தா 5 வோல்ட் போச்சு, மோட்டருக்கு வர்றது மிச்சம். பாரம் இழுக்காததுக்கு இதுதான் காரணம், வைண்டிங் இல்ல.

நம்பர் எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. எந்த பாஸ் வந்தாலும் அந்தக் கொப்பியைக் காட்டிட்டுக் கதைச்சா கதை வேற மாதிரி போகும்.

6. கேபிளும் லக்கும்

தோல் பச்சையாகியிருக்கிற கேபிளை முனையில மட்டும் வெட்டி புது லக் போடலாம்னு தோணும். வெட்டிப் பாருங்க, உள்ள செம்பு பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டணும். ஒரு அடி வெட்டியும் கறுப்பாவே வந்தா கேபிளை மாத்துறதுதான் சரி.

புதுக் கேபிளுக்கு வெல்டிங் கேபிள் பாவிக்கலாம், நல்லா வளையும். குவாரி வீதி, பழைய சோனகத் தெரு பக்கம் மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. பழைய கேபிள் துண்டு ஒண்ணைக் கையில கொண்டு போங்க, 35 சதுர மில்லிமீட்டரா 50ஆன்னு அதைப் பாத்தே சொல்லிடுவாங்க. அதே சைஸ் இல்லன்னா ஒரு சைஸ் கூட, கொறைக்காதீங்க.

இங்கதான் பெரிய ஏமாத்து. செம்பு பூசின அலுமினியக் கேபிள் இப்ப எல்லா இடமும் இருக்கு, வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. "நானா, இது தனி செம்பா?"ன்னு கேட்டா "செம்புதான் தம்பி, கலர் தெரியலையா"ன்னு சொல்வாங்க, அவங்களுக்கும் சில நேரம் தெரியாது, மொத்தமா எடுத்திருப்பாங்க. ஒரு இழையை இழுத்து பிளேட்டால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா வந்தா அலுமினியம். சுருளைத் தூக்கினாலும் தெரியும், பாரமே இருக்காது. அலுமினியக் கேபிள்ல அதே சைஸுக்கு ரெசிஸ்டன்ஸ் கூட, லக்ல கொஞ்ச நாள்ல தளர்ந்து சூடாகும். எங்களுக்கு ஒரு கடையில சுரண்டிக் காட்டின பிறகு உள்ள இருந்து வேற சுருள் எடுத்து வந்தாங்க, விலையும் வேற.

லக் தகரம் பூசின செம்பு லக்கா இருக்கணும், ஓட்டை உங்க போல்ட்டுக்கு சரியா இருக்கணும், பெரிசா இருந்தா தொடுற இடம் கொறையும். சுத்தியலால தட்டி நசுக்குறது வேணாம், ஹைட்ரோலிக் கிரிம்பர் வேணும். புதுசா வாங்கத் தேவையில்ல, கேபிள் விக்கிற சில கடைகள்ல லக் வாங்கினா அங்கயே அடிச்சுத் தருவாங்க, முதல்லயே ஒவ்வொரு கேபிளோட நீளமும் அளந்து எழுதிக் கொண்டு போனா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அடிச்ச பிறகு கையால இழுத்து முறுக்கிப் பாருங்க. பசை உள்ள ஹீட் ஸ்ரிங்க் போட்டு மூடுங்க, கொழும்பு ஈரத்துக்கும் அசிட் புகைக்கும் வெறும் டேப் நிக்காது.

7. கொன்டாக்டர், பியூஸ், சின்ன வயர்

சாவி, சீட் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், அக்சிலேட்டர் மைக்ரோசுவிட்ச், இதெல்லாம் வரிசையா நிக்குது, ஒண்ணு வேலை செய்யலன்னா மெயின் கொன்டாக்டர் "டக்"னு இழுக்காது, மெஷின் அசையாது. சீட் சுவிட்ச்தான் அடிக்கடி போறது, மலிவும் அதுதான். ஆனா அதை ஷோர்ட் பண்ணி விடுற பழக்கம் இங்க நிறைய, வாங்குற மெஷின்ல அப்படி இருந்தா கண்டுபிடிச்சு திருப்பிப் போடுங்க, ஆள் இல்லாம ஓடின மெஷின் செவத்துலதான் போய் நிக்கும்னு இல்ல, ஆள் மேலயும் ஏறும்.

கொன்டாக்டர் திறந்து பாத்தா வெள்ளித் தட்டு ரெண்டு இருக்கும். லேசாக் கறுத்திருக்கிறது பிரச்சினை இல்ல, அரத்தால ராவாதீங்க, வெள்ளி தேஞ்சு போயிடும். குழி விழுந்து உருகின மாதிரி இருந்தா மாத்தணும். பஞ்சிகாவத்தையில பாவிச்ச ஃபோர்க்லிஃப்ட் கொன்டாக்டர் கிடைக்கும், வாங்கும்போது கொயில் வோல்டேஜ் பாருங்க, 48 வோல்ட் மெஷின்லயும் சிலதுக்கு 24 வோல்ட் கொயில் வரும், உங்களோடது எதுன்னு பழசுல எழுதியிருக்கும். கொயிலுக்குக் குறுக்க டயோட் இருந்தா அதோட திசையைக் குறிச்சு வைங்க.

பியூஸ்: வீட்டு மெயின் பெட்டியில இருக்கிற ஏசி பிரேக்கரை இதுல போடாதீங்க. டிசி ஆர்க் ஏசி மாதிரி தானா அணையாது, உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பியூஸ் மேலயே டிசி எத்தனை வோல்ட்னு எழுதியிருக்கணும், கார் ஓடியோ பியூஸ் நிறைய 32 வோல்ட்தான்.

8. இப்ப மோட்டர்

மேல சொன்னதெல்லாம் முடிச்சும் இழுவை இல்லன்னா, இல்ல மோட்டர்ல இருந்து பொறி, கருகின மணம், உறுமல் சத்தம் வந்தா இங்க வாங்க.

கழட்டும்போது டெர்மினல் போல்ட்ல ரெண்டு நட் இருக்கும். உள் நட்டை ஒரு ஸ்பெனரால பிடிச்சுக்கிட்டு வெளி நட்டைக் கழட்டுங்க. பிடிக்காம திருகினா போல்ட்டே சுத்தி உள்ள பீல்ட் கொயில் முனை ஒடையும், சும்மா இருந்த மோட்டருக்கு நீங்களே வைண்டிங் செலவு வைக்கிற வேலை அது.

பிரஷ் மூடியைத் திறந்து வெக்குயூம் வெச்சு கார்பன் தூசியை எடுங்க, முகத்துக்கு மாஸ்க் போடுங்க. கொம்ப்ரெசர் காத்தால அடிக்கிறது பிறகுதான், முதல்லயே அடிச்சா தூசி கொயிலுக்குள்ள போய் உக்காரும்.

பிரஷ் எல்லாம் ஒரே நீளமா தேஞ்சிருக்கா, ஸ்பிரிங் எல்லாம் ஒரே இறுக்கமா, செம்பு வால் கருகாம இருக்கா பாருங்க. புது பிரஷ் வாங்கும்போது சைஸ் மட்டும் பாத்தா போதாது. பிரஷ் பக்கவாட்டுல எழுத்தும் நம்பரும் இருக்கும், அதுதான் கிரேட். கிரைண்டர் பிரஷ்ஷை ராவி சைஸுக்குக் கொண்டு வந்து போட்டுத் தருவாங்க, கொஞ்ச நாள் ஓடும், பிறகு கொம்யூட்டேட்டரைத் தின்னுடும், பிரஷ் காசு மிச்சம் பிடிச்சு ஆர்மேச்சரைக் குடுக்காதீங்க. புது பிரஷ்ஷை கொம்யூட்டேட்டர் வளைவுக்குப் படிய வைக்க, கண்ணாடித் தாளை சொரசொரப்பான பக்கம் பிரஷ்ஷைப் பாக்குற மாதிரி சுத்தி முன்னும் பின்னும் ஆட்டுங்க. எமரி தாள் வேணாம், அதோட துகள் கொம்யூட்டேட்டரோட செம்புக் கட்டைகளுக்கு நடுவுல உக்காந்துடும்.

கொம்யூட்டேட்டர் சொக்லட் நிறத்துல வழுவழுன்னு இருந்தா அதைத் தொடாதீங்க, அதுதான் நல்ல நிறம், பளபளன்னு தேய்க்கணும்னு அவசியமே இல்ல. பள்ளம் விழுந்திருந்தா லேத்ல ஒரு மெல்லிசு எடுக்கணும், எடுத்த பிறகு கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மைக்காவையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு கீழ இறக்கணும். லேத்காரர் முதலாவதைச் செஞ்சுட்டு ரெண்டாவதை விட்டுடுவார், கேட்டு வாங்குங்க.

ஆர்மேச்சர் நல்லதான்னு நீங்களே பாக்கலாம், வைண்டிங் கடை தேவையில்ல. 12 வோல்ட் பெட்டரியில இருந்து ஒரு ஹெட்லைட் பல்ப் வழியா கொம்யூட்டேட்டர்ல ரெண்டு இடத்துக்கு, பிரஷ் தொடுற இடைவெளியில, கரண்ட் விடுங்க. மீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சு பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல ஒவ்வொண்ணா அளந்துக்கிட்டே வாங்க. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வரணும். ஒரு இடத்துல திடீர்னு விழுந்தா அந்தக் கொயில் ஷோர்ட், எக்கச்சக்கமா ஏறினா கட் ஆகியிருக்கு. சில ஆர்மேச்சர்ல ஒரே கோளாறு எதிரெதிரா ரெண்டு இடத்துல காட்டும், பதறாதீங்க, அது வைண்டிங் போட்ட முறை. நான் அளந்தப்போ சுத்தி வர நம்பர் மாறவே இல்ல, மீட்டரையே சந்தேகப்பட்டு திரும்ப ஒரு சுத்து அளந்தேன்.

மெகர் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) வெச்சு மோட்டர் பொடிக்கு கசியுதான்னு பாக்குறதுன்னா கொன்ட்ரோலரை முழுசாக் கழட்டிட்டுத்தான், 500 வோல்ட் போச்சுன்னா அது செத்துடும். ஒரு மெகாஓமுக்குக் கீழ காட்டினா உடனே வைண்டிங்னு முடிவு கட்டாதீங்க, சுத்தம் செஞ்சு 100 வாட் பல்ப் ஒண்ணை உள்ள வெச்சு ராத்திரி முழுக்கக் காய வெச்சுட்டு திரும்ப அளங்க. மே, ஜூன் மழையில நின்ன மோட்டருக்கு ஈரம்தான் நோய்.

பெயரிங் நம்பர் மேலயே இருக்கும், 6206 மாதிரி, கடைசியில சி3ன்னு இருந்தா அதே சி3தான் வாங்கணும். போலி பெயரிங் நிறைய, விலை பாதியா இருந்தா ஏன்னு யோசிங்க. ஷாஃப்ட்ல அடிக்கும்போது உள் வளையத்துல மட்டும் பலம் குடுக்கணும்.

9. வைண்டிங் கடைக்குப் போகத்தான் வேணும்னா

முதல்லயே எழுதி வாங்குங்க: ஆர்மேச்சர் மட்டுமா பீல்டுமா, என்ன கிளாஸ் கம்பி, வார்னிஷ் அவன்ல சுட்டுத் தருவாங்களா வெயில்ல காய வைப்பாங்களா, பெலன்ஸ் பாப்பாங்களா, எத்தனை மாசம் கெரன்டி. வெயில்ல காய வெச்ச வார்னிஷ் சூட்டுல இளகும். கழட்டின பழைய செம்பு யாருக்குன்னும் கேளுங்க, கிலோ கணக்குல வரும், விலையில கழிக்கச் சொல்லலாம். கதைக்காம விட்டா அது அவங்களோடது.

ரூபா கணக்கு இங்க எழுதல, செம்பும் பெயரிங்கும் டொலரோட ஏறி இறங்குது, இன்னைக்கு எழுதினா அடுத்த மாசம் பொய். வரிசை மட்டும் சொல்றேன்: கூடினது பெட்டரி செட், அதுக்கு அடுத்தது ஆர்மேச்சர் வைண்டிங், பிறகு கேபிள் முழுசா மாத்துறது, பிறகு கொன்டாக்டர், பெயரிங்கும் பிரஷ்ஷும் கடைசி. விலை கேக்கும்போது வெட் சேத்தா சேக்காமலான்னு கேளுங்க, 2024ல இருந்து அது 18 வீதம், பில் வரும்போது தலை சுத்தும். கம்பெனி கணக்குல போடுறவங்க வெட் பில் கட்டாயம் எடுங்க.

பிரஷ்ஷோ கொன்ட்ரோலர் பார்ட்ஸோ வெளிநாட்டுல இருந்து எடுப்பிக்கிறதுன்னா காசு கட்டின இன்வொய்ஸை பிரிண்ட் எடுத்து வைங்க. தபால்ல வந்தா அறிவித்தல் வரும், அடையாள அட்டையும் இன்வொய்ஸும் இல்லாம போனா சும்மா அலைச்சல். கூரியர்ல வந்தா அவங்க கட்டின வரிக்கு மேல அவங்க சார்ஜும் சேரும், ஓடர் போட முதலே கேட்டு வைங்க.

நாள் கணக்கு: "ஒரு கிழமை"ன்னு வைண்டிங் கடையில சொன்னா அதை ரெண்டால பெருக்குங்க. ஏப்ரல்ல வேலை குடுக்காதீங்க, புத்தாண்டுக்கு பாஸ்மார் ஊருக்குப் போனா எப்ப திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை பகல் ஜும்மாவுக்கு கடை மூடியிருக்கும், பின்னேரம் போங்க. போயா, ஞாயிறு சொல்லத் தேவையில்ல.

10. திரும்பப் பூட்டி ஓட்டுறது

எல்லாம் பூட்டின பிறகு பெட்டரியை நேரா கொழுவாதீங்க. மெயின் பியூஸ் இடத்துல நாலு 12 வோல்ட் பல்ப்பை வரிசையாக் கட்டிப் போடுங்க. சாவி போடாத நிலையில பல்ப் ஒரு தடவை மின்னி அணைஞ்சா நல்லது, அது கெபாசிட்டர் சார்ஜ் ஆகுறது. எரிஞ்சுக்கிட்டே நின்னா எங்கயோ ஷோர்ட், நல்ல வேளை பியூஸ் போடலன்னு நினைச்சுக்கிட்டு திரும்பத் தேடுங்க.

அது சரின்னா ஓட்டுற சில்லை ஜெக் போட்டுத் தூக்கி, முதல் வேகத்துல மட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் திசை சரியான்னு பாருங்க, வேகம் கூட்டாதீங்க. திசை பிழைச்சா பீல்ட் ரெண்டு முனையை மட்டும் மாத்துங்க, பெட்டரியைத் திருப்பிக் குடுத்தா திசை மாறாது, கொன்ட்ரோலர்தான் போகும்.

கீழ இறக்கி வெறுமையா ஒரு அரை மணி ஓட்டிட்டு, பெட்டரியைக் கழட்டி ஒவ்வொரு லக்கையும் கையால தொட்டுப் பாருங்க, மற்றதை விட சூடா இருக்கிறது எதுவோ அதைத் திரும்ப இறுக்குங்க. புது லக் எல்லாமே முதல் கிழமையில கொஞ்சம் தளரும், ஒரு சுத்து ஸ்பெனர் போட மறக்காதீங்க. பிறகு பாரத்தை ஏத்தி, அஞ்சாவது படியில எடுத்த நம்பர் எல்லாத்தையும் அதே இடத்துல திரும்ப அளந்து கொப்பியில பக்கத்துலயே எழுதுங்க. பிரஷ் நீளத்தையும் தேதியோட மோட்டர் மூடியில பெயின்ட் பேனாவால எழுதிட்டா ஆறு மாசம் கழிச்சு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து அடுத்த செட்டை நேரத்தோட ஓடர் போடலாம்.